மாட்டின் பல்

மார்கழியிலும் முதுகில் சட்டை ஒட்டுகிற ஊர் இது.
ஆனாலும் கிறிஸ்துமஸுக்குக் கம்பளிதான் என்று
முடிவாகிவிட்டது,
மூன்றாவது தீர்மானமாக,
டீ வருவதற்கு முன்பே.

நான் கை தூக்கினேன்.
"சொல்லுங்க, கரன்ட் அக்கா."

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
சோனங்குப்பத்தில் வீடு வீடாக
மீட்டர் பார்க்கிறவள் நான்.
மீட்டர் கதவுக்குப் பின்னால் இருக்கும்.
அண்ணாந்தால் பரண்.
பரணில் நம் கம்பளிகள் இருக்கின்றன ஐயா,
பிரிக்காத பாலிதீனில்,
நம் சபை முத்திரையோடு,
பக்கத்துச் சபை முத்திரையோடு,
ஒரு டிரஸ்டு, ஒரு சங்கம், ஒரு கட்சி.
அஞ்சலாட்சி வீட்டில் மட்டும் பதினொன்று.
எண்ணினேன். எண்ணுவது என் வேலை.

அதே அஞ்சலாட்சி
கரன்ட் அட்டையை என்னிடமே நீட்டி
"எவ்ளோன்னு படிச்சுச் சொல்லு" என்பாள்.
எட்டாவது வரை படித்தவள்தான்.
காய்ந்த நெத்திலியில் கிடக்கும் கல்லும் சிப்பியும்
இப்போது விரலுக்குத்தான் தெரிகிறதாம்.
தப்பினால் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள்.
வெள்ளெழுத்து.
ஒரு கம்பளி இருநூற்று எழுபது ரூபாய்.
ஒரு கண்ணாடி தொண்ணூறு.

யாரும் பேசவில்லை.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது
(அதற்கு மணிக்கு எவ்வளவு என்றும் எனக்குத் தெரியும்).

பொருளாளர் பாக்கியநாதன் நல்லவர்.
வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி சுமந்தவர்.
சிரித்தபடி கேட்டார்:
"தானம் குடுத்த மாட்டைப்
பல்லப் புடிச்சுப் பாப்பாங்களா அக்கா?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பிறகு சொன்னேன்:
வாங்குகிறவர் பார்க்கக் கூடாது, சரி.
கொடுக்கிறவர் பார்க்கலாமே.
அவர் கையில்தானே கயிறு இருக்கிறது.

சொல்லிவிட்டேன்,
நாக்கு கசந்தது.
என் நோட்டின் முதல் பக்கம் அவர்களுக்குத் தெரியாது.

தையல் வகுப்பு.
என் யோசனை, என் ஆறு வருஷத்துச் சனிக்கிழமைகள்.
கற்றவர்கள் அறுபத்திரண்டு.
இன்று தைக்கிறவர்கள் நான்கு.
அதில் ஒருத்தி வருவதற்கு முன்பே தைத்துக்கொண்டிருந்தவள்.
இந்த ஐந்து வரியை எழுத
எனக்கு ஒரு முழு லெந்துகாலம் ஆயிற்று.

அந்தப் பக்கத்தையும் வாசித்தேன்.
கடைசி வரிசையில்
வகுப்பு டீச்சர் ஹெலன்மேரி
குடையின் பித்தானைப் போட்டார், கழற்றினார்,
போட்டார்.
அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

கடைசியில் நாற்பது கண்ணாடிக்குச் சம்மதித்தார்கள்.
கம்பளி முந்நூறு அப்படியே.
உபயதாரர் பெயர் அச்சடித்தாகிவிட்டதாம்.

அதற்குப் பிறகும் போகிறேன்,
விடுமுறை நாளில், ஸ்கூட்டியில், அதே நோட்டோடு.
வண்ணாரப்பாளையத்து ஜெபக்கூடத்தில்
முழுதாகக் கேட்டுவிட்டு எனக்காக ஜெபித்தார்கள்.
முதுநகர் டிரஸ்டில் நோட்டைப் பார்த்ததும்
டீ சொல்லவில்லை.
சிங்காரத்தோப்பில் ஒரு இளம் போதகர் மட்டும்
"போன வருஷக் கணக்க நாங்களே போய்ப் பாக்குறோம்" என்றார்.
அன்று ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் நின்றேன்,
நின்றதே தெரியவில்லை.

ஜனவரி ரீடிங்.
கதவுக்குப் பின்னால் குனிந்து பார்த்து எழுதினேன்.
அஞ்சலாட்சி அட்டையை வாங்கினாள்,
மூக்கில் கறுப்புச் சட்டக் கண்ணாடி,
ஒரு காதில் நூல் கட்டி.
மீட்டரைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.
"மூணுன்னு போட்டிருக்க. அது எட்டுடி."
இல்லை என்றேன்.
பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன் என்றேன்.
அவள் வாதாடவில்லை.
கண்ணாடியைக் கழற்றி,
முந்தானையில் துடைத்து,
என்னிடம் நீட்டினாள்.

எட்டு.

அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.
கழற்றிக் கொடுக்கும் முன்
பரணையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.